அடுத்தவர் கையில் சிவந்தது

எங்கள் ஊரில் மருதாணிச் செடி இல்லாத வீடு உண்டு, மருதாணி வைக்காத கை கிடையாது. ஆடி பிறந்துவிட்டால் போதும், தேர்முட்டியிலிருந்து பள்ளிவாசல் தெரு வரைக்கும், சர்ச் காம்பவுண்டிலிருந்து சிற்றாற்றங்கரை வரைக்கும், அம்மியிலும் ஆட்டுரலிலும் இப்போது மிக்ஸியிலும் இலை அரைபடும் வாசம்தான். யாருக்கு எந்தச் சாமி என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அப்படி ஓர் ஆடியில்தான் எங்கள் கைகளில் எழுத்து சிவந்தது. ஏன் சிவந்தது என்று கேட்டு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். மழை ஏன் பெய்கிறது என்று விசாரித்துவிட்டா குடையை விரிக்கிறோம்? சிவந்தது, அவ்வளவுதான். சிவந்ததை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உச்சிமாகாளி அண்ணாச்சியின் சவுண்டு சர்வீஸ் கடை இருக்கிறது. கீழே குழாய் ஸ்பீக்கரும் மைக் செட்டும் சீரியல் பல்பும். மாடியில், அந்த வருஷம், கம்ப்யூட்டர்கள். மாடியை வாடகைக்குப் பிடித்தவள் சுலைகா. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் பெட்டியோடு ஊர் திரும்பினாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாயா என்று துக்கம் கேட்கிற முகத்தோடு வந்தவர்களிடம், "விடல, வேலையையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். சொன்னபடியே, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களை ஒழுங்குபடுத்தும் நிரல்களை எழுதித்தரும் வேலையை ஒரு கம்பெனியிடமிருந்து வாங்கி, படித்துவிட்டு வீட்டில் இருந்த ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். அந்த மாடி இருந்ததால்தான் ஜெபசெல்வி, பார்க்க வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்ப முடிந்தது. அந்த மாடி இருந்ததால்தான் மற்ற நாலு பேரும் தங்கள் வீட்டில் குரல் உயர்த்திப் பேச முடிந்தது. மாடி மூடினால் ஆறு பேரும் ஆறு அடுப்படிக்குள் போயாக வேண்டும். மூட விடக் கூடாது என்பதில் சுலைகாவுக்கு ஒரே பிடிவாதம்.

நோயாளிகளின் விவரம் என்பதால் கம்பெனிக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அறைக்குள் காகிதம் வரக் கூடாது, பேனா வரக் கூடாது, செல்போன் வரக் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்பெனியோடு பேசுவதற்குச் சுவரில் ஒரு போன் உண்டு, அதோடு சரி. இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கவும் வழியில்லை.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் மண்டைக்குள் வைத்திருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படியெல்லாம் இல்லையாம். சமையல் தெரிந்தவர்களுக்கும் அஞ்சறைப்பெட்டி வேண்டியிருக்கிறதே, அதுமாதிரி அவர்களுக்கும் சின்னச் சின்ன வரிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேதியை முன்பின்னாகத் திருப்ப ஒரு வரி, ரெட்டையாக வந்த பெயரை ஒற்றையாக்க ஒரு வரி, கண்ணுக்குத் தெரியாத காலி இடங்களை வழித்துப் போட ஒரு வரி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி அதற்கு 'பிட்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆறு பேரும் படிக்கிற காலத்தில் பிட் அடித்ததே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். நாங்கள் நம்பவில்லை.

ஆடி பிறந்த அன்று சாயங்காலம் ஜெபசெல்விதான் அதை ஆரம்பித்தாள்.

"அக்கா, பேப்பர் கூடாது, பேனா கூடாது, போன் கூடாது. மருதாணி கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லியே" என்றாள் சுலைகா.

"அப்ப பூவுக்குப் பதிலா பிட்டை வரைஞ்சிருவோம்."

ஈர்க்குச்சியை மருதாணி விழுதில் தொட்டு, ஆறு பேரும் அவரவருக்கு அடிக்கடி மறந்துபோகிற வரியை அவரவர் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள். விடிந்து கழுவிப் பார்த்தால் எழுத்து நன்றாகத்தான் சிவந்திருந்தது, ஆனால் எழுதிய எழுத்து இல்லை. தேதி திருப்பும் வரியை எழுதிய சுலைகாவின் கையில் காலி இடத்தை வழிக்கும் வரி. ஜெபசெல்வியின் கையில் யாருமே எழுதாத, யாருமே அதுவரை பார்த்திராத ஒரு வரி. மாற்றி எழுதிவிட்டோமோ என்று மறுபடி அரைத்து மறுபடி வைத்தார்கள். மறுபடியும் அப்படியேதான். எந்தக் கைக்கு எது தேவையோ அது அந்தக் கையில் வராது, வேறொரு கையில்தான் வரும் என்பது அவர்களுக்குப் புரிந்தபோது, பூவும் பிறையும் தொப்பியும் மட்டும் வைத்துக்கொண்டு படுத்த எங்கள் கைகளிலும் வரிகள் சிவந்திருந்தன. குளத்து மீன் விற்கிற ஆவுடைக்கும், பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் சம்சாரத்துக்கும், சர்ச்சில் மணி அடிக்கிறவருக்கும், சுண்டுவிரல் நகத்துக்கு மட்டும் ஆசையாக வைத்துக்கொண்ட எனக்கும்கூட. என் நகத்தில் இருந்தது ஒரே ஒரு அடைப்புக்குறி. இன்றுவரை யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

முதலில் கொஞ்சம் கூச்சலாகத்தான் இருந்தது. செய்வினை என்றார்கள், தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்றார்கள். ஹஜ்ரத் தன் சம்சாரத்தின் கையைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, கெட்ட வார்த்தை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, மருதாணி வைப்பதும் நல்ல பழக்கம், இப்போது தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மன் கோயில் பூசாரியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், அவருக்கு அபிஷேகத்துக்கு நேரமாகியிருந்தது. அதன்பிறகு ஊர் அதைத் தண்ணீர் லாரியின் வரவைப் பழகிக்கொண்டது போலப் பழகிக்கொண்டது. மாடிப் பெண்களில் ஒருத்தி ஏதாவது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் கீழே இறங்கி வருவாள். பரோட்டா மாஸ்டர் மாவை உதறிவிட்டுக் கையை விரிப்பார், பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார், ஆவுடை மட்டும் மீன் செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்து, "பாத்துட்டு சும்மா போயிராதட்டி, கெண்டை துள்ளுது பாரு" என்று ஒரு வியாபாரத்தையும் முடித்துக்கொள்வாள். தேவையான வரி கிடைத்தவள் அது மறப்பதற்குள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவாள். அப்படி முணுமுணுப்பவளை வழியில் யாரும் நிறுத்தி நலம் விசாரிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் யாரும் சொல்லாமலே ஏற்பட்ட வழக்கம்.

போனில் படம் பிடித்தால் வெறும் சிவப்புத்தான் விழுந்தது, எழுத்து விழவில்லை. ஆகவே ஆள்தான் வர வேண்டும், ஆளைத்தான் பார்க்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு சகலைகள், ஒருவர் மகளுக்கு வேண்டிய வரி மற்றவர் கையில் வந்துவிட்டதால், வேறு வழியில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மில்காரர் மகன் ஒருத்தன், இன்ஜினியரிங் படிக்கிறவன், தன் கையில் வந்திருப்பது பெரிய சரக்கு என்று தெரிந்துகொண்டு, யாருக்கும் காட்ட மாட்டேன் என்று பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு திரிந்தான். பொழுது சாய்வதற்குள் எழுத்தெல்லாம் கரைந்து, வெற்றிலை எச்சில் மாதிரி ஒரு கறைதான் மிச்சம். நாலு பேருக்குக் காட்டிய கையில் நாளாக ஆகக் கருஞ்சிவப்பு ஏறியது. மூடி வைத்த கை வெளுத்தது. அதன்பிறகு எங்கள் ஊர் ஆட்கள் கையை வீசி நடக்கும்போதுகூட உள்ளங்கை வெளியே தெரிகிற மாதிரிதான் வீசுகிறார்கள். வெளியூரில் இதைக் கிண்டல் செய்வார்கள், எங்களுக்கு அதில் வெட்கமில்லை.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் கம்பெனியிலிருந்து கிரிதரன் வந்தார். அறை சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கிற அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் நேரான மனிதர். சட்டையின் மேல் பொத்தானைக்கூட இந்த வெயிலில் கழற்றவில்லை. கூடையைப் பார்த்தார், திருப்தி. மேஜைகளைப் பார்த்தார், திருப்தி. கடைசியில் கீபோர்டின் மேல் ஓடுகிற கைகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"மருதாணி சார்" என்றாள் ஜெபசெல்வி.

"மருதாணி தெரியுது. அதுல என்ன எழுதியிருக்கு?"

சுலைகா மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிரிதரன் கடைசிவரை கேட்டார். ஊரே கைநீட்டிச் சாட்சி சொல்ல வந்து படிக்கட்டில் நின்றதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் நம்பாம இல்லைங்க. ஆனா பேப்பர்ல எழுதினாலும் கையில எழுதினாலும் எழுதினது எழுதினதுதான். எழுத்து உள்ள வரக் கூடாதுன்னுதான் சட்டமே. நான் ரிப்போர்ட் போட்டா உங்க ஒப்பந்தம் நிக்காது" என்றார்.

மாடியும் கம்ப்யூட்டரும் ஐந்து பெண்களின் முகமும் சுலைகாவின் கண்முன் ஒரு சுற்று சுற்றின. ஆனாலும் அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சார், இந்த மாசத்து வேலைக்குக் கெடு நாளைக்குச் சாயங்காலம். நாங்க கையைக் கட்டிட்டு உக்காருதோம். எழுத்து ஒண்ணுகூட உள்ள வராது. முடிச்சுக் காட்டுனா என்ன சொல்லுவீங்க?"

"முடிச்சா முடிச்சாங்கன்னு எழுதுவேன். முடிக்கலன்னா அதையும் எழுதுவேன்."

"அது போதும்" என்றாள் சுலைகா.

"அக்கா, மூடி வச்சா அழிஞ்சிரும்லா?" என்று ஜெபசெல்வி காதோடு கேட்டாள்.

"அழியட்டும்ட்டி. எத்தனை தடவை முணுமுணுத்துட்டுப் படி ஏறியிருக்கோம். இன்னுமா மண்டையில ஏறல?"

மறுநாள் காலையில் மெடிக்கல் ஷாப்பிலிருந்து கட்டுத்துணி வந்தது. ஆறு பேரும் இரண்டு கையிலும், விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி, சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விபத்தில் அடிபட்டவர்கள் வார்டு மாதிரி இருந்ததாக டீ கொண்டுபோனவன் வந்து சொன்னான். கிரிதரன் வாசலை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டார். கீழே ஊரில் பாதி, வேலை இருக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சுலைகா சொன்னது பொய்யில்லை. தேதி திரும்பியது, ரெட்டைப் பெயர்கள் ஒற்றையாயின, காலி இடங்கள் வழித்தெடுக்கப்பட்டன. யார் யார் கையிலோ பார்த்து, யார் யார் வீட்டு வாசலிலோ நின்று, படிக்குப் படி சொல்லிக்கொண்டே ஏறிய வரியெல்லாம் விரல் நுனியில் தானாக வந்து நின்றது. ஒருத்திக்கு வராதபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் வாயால் சொன்னாள். வாயைக் கட்டச் சட்டத்தில் இடமில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒரு இடத்தில் எல்லாம் நின்றது. ஏதோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரிப் பட்டியலில், பெயர்களுக்கு நடுவே மேலே தொங்கிக்கொண்டு ஒரு சின்னக் கொக்கி, ஒற்றை மேற்கோள்குறி மாதிரி. அந்தக் கொக்கி வந்ததும், பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிரல் தொப்பென்று விழுந்துவிட்டது. கொக்கியை எடுத்துவிட்டால் பெயர் தப்பாகிவிடும். விட்டுவைத்தால் வேலை நடக்காது. ஆறு பேரும் யோசித்தார்கள். ஒவ்வொருத்தியும் முயன்று பார்த்தாள். விழுந்தது, எழுப்பினார்கள், மறுபடி விழுந்தது. இந்தக் கொக்கிக்கான பிட்டை அவர்கள் அதுவரை எந்தக் கையிலும் பார்த்ததில்லை.

தான் அழுதால் ஐந்து பேரும் அழுதுவிடுவார்கள் என்று சுலைகாவுக்குத் தெரியும். எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் கிரிதரன்.

"சார், ஜன்னலைப் பத்திச் சட்டத்துல என்ன இருக்கு?"

கிரிதரன் தன் லேப்டாப்பைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். காகிதம் இருந்தது, பேனா இருந்தது, போன் இருந்தது. நேரான மனிதர் என்று சொன்னேனே, அந்த நேர்மைக்கு வளையத் தெரியாது. "ஜன்னலைப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா நோயாளி பேரு ஒண்ணு வெளிய போகக் கூடாது."

"போகாது சார்." சுலைகா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "உச்சிமாகாளி அண்ணாச்சி! பேருக்கு நடுவுல ஒரு கொக்கி வந்தா என்ன செய்யணும்னு யாரு கையிலயாவது வந்திருக்கான்னு கேளுங்க!"

அண்ணாச்சி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி மைக்கை எடுத்தார். திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை அறிவித்துப் பழகிய குரல். "பொதுமக்கள் கவனத்திற்கு. நம்ம மாடிப் பிள்ளைகளுக்கு ஒரு கொக்கியால இடைஞ்சல் ஏற்பட்டிருக்கு. கையில மருதாணி உள்ளவங்க எல்லாரும் உடனே கடைக்கு வந்து அவங்கவங்க கையைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

குழாய் ஸ்பீக்கர் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். வந்தோம். வயலிலிருந்து வந்தோம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தோம், அடுப்பை அணைத்துவிட்டு வந்தோம், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வந்தோம், பேச்சு வார்த்தை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வரிசையில் நின்றோம். டீச்சர் எழுத்தெழுத்தாகப் படித்தார். கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற ராகத்தில் படித்தார். ஹஜ்ரத் சம்சாரத்தின் கையை ஹஜ்ரத்தே படித்தார். மறுபடி மருதாணி வைத்துக்கொண்ட மில்காரர் மகன் கையை அகல விரித்து, ஊரிலேயே உரக்கப் படித்தான். ஒவ்வொரு கைக்கும் மேலேயிருந்து சுலைகாவின் குரல் வந்தது: "அது இல்ல, அடுத்த கை." அடைப்புக்குறி திறந்தது, அடைப்புக்குறி மூடியது, அடுத்த கை. புள்ளி, கோடு, சமக்குறி, அடுத்த கை. வெயில் இறங்கிக்கொண்டே வந்தது, வரிசையும் குறைந்துகொண்டே வந்தது. நானும் என் சுண்டுவிரலைப் படித்துவிட்டு, யாரும் கேட்காமலே ஒதுங்கிக்கொண்டேன்.

கடைசியாக ஆவுடை மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு மைக் முன்னால் வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே தாயி. பாக்குததைச் சொல்லுதேன், சரியா?"

"சொல்லுங்க மதினி."

"முதல்ல ஒரு விலாங்கு நெளியுது. பக்கத்துல ஒரு மீன்கண்ணு, சின்னது. அதுக்கு அப்புறம் என்னமோ பொடிப்பொடியா ஏழெட்டு கெடக்கு, அது எனக்குப் பிடிபடல. அப்புறம் ஒரு பிறை."

மேலே ஜெபசெல்வி துள்ளி எழுந்தாள். "அக்கா, விலாங்கு எஸ்ஸு, கண்ணு புள்ளி, பிறை அடைப்புக்குறி! ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கிற வரி அது. மேல சொல்லுங்க மதினி!"

"மேல தொங்குத மாதிரி ரெண்டு செதிலு. நடுவுல ஒத்தச் செதிலு. மறுபடி ரெண்டு. அப்புறம் கீழ ஒரு வாலு. அந்தப் பக்கமும் அதே மாதிரிதான் ரெண்டு செதிலு... பொறு, பொறு... இங்க நடுவுல ஒத்தை இல்ல. இங்கயும் ரெண்டு கெடக்கு."

மாடியிலிருந்து ஆறு குரலும் ஒன்றாக வந்தது. கொக்கியை எடுக்கக் கூடாது, விடவும் கூடாது; ஒற்றைக் கொக்கியை ரெட்டைக் கொக்கியாக்க வேண்டும், இரண்டு சேர்ந்து வந்தால்தான் அது பெயரின் பாகம் என்று நிரலுக்குப் புரியும். அடித்தார்கள். நிரல் விழவில்லை. பட்டியல் கடைசிவரை ஓடியது. நாங்கள் கீழே கை தட்டினோம், ஆவுடை எதற்கு என்று புரியாமலே எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாள்.

சாயங்காலம் வேலையை அனுப்பிய பிறகு கட்டுகளை அவிழ்த்தார்கள். ஆறு பேர் கையிலும் வெறும் சிவப்பு. ஒரு நாள் முழுக்க மூடி வைத்ததில் அத்தனை எழுத்தும் கரைந்திருந்தது. ஜெபசெல்வி தன் கையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். கிரிதரன் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பஸ் ஏறப் போனவரை ஆவுடை மறித்தாள். எங்கள் ஊரிலிருந்து வெறுங்கையோடு யாரும் போகக் கூடாது என்று சொல்லி, இலையில் வைத்திருந்த மருதாணி விழுதை ஒரு உருண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். "தென்காசி தாண்டுத வரைக்கும் திறக்காதீங்க சார்." ஒரு கையில் பை, ஒரு கையில் மருதாணி, மனிதரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கண்டக்டர் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்.

அதற்குப் பிறகு பதிலே வரவில்லை. மாடியில் புது மருதாணி யாரும் வைக்கவில்லை. "முதல்ல முடிவு தெரியட்டும்" என்று சுலைகா தடுத்துவிட்டாள். வேலை மட்டும் வந்துகொண்டிருந்தது, அதுவும் எந்த நாளோடு நிற்குமோ தெரியாது. பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர்களுக்கு வயது கணக்குப் போடுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்த நோயாளிகளுக்கெல்லாம் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வயது ஏறியது. நாற்பது வயதுக்காரரைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பியது நிரல். ஊரில் அத்தனை கையையும் சுலைகா பார்த்துவிட்டாள். எதிலும் இல்லை. சலித்துப்போய்ப் படியேறி வந்து உட்கார்ந்தபோதுதான் சுவரில் போன் அடித்தது.

"சுலைகாங்களா? கிரிதரன் பேசறேன். ரிப்போர்ட் அனுப்பிட்டேன். எழுத்து உள்ள வரல, வேலை கெடுவுல முடிஞ்சுது, ஜன்னலைப் பத்திச் சட்டம் இல்லைன்னு எழுதினேன். ஒப்பந்தம் உங்ககிட்டயேதான் இருக்கும்."

சுலைகா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுதாள். இந்தத் தடவை ஐந்து பேர் பார்க்க, மறைக்காமல் அழுதாள். போனை வைக்கப் போனபோது அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"இன்னொரு விஷயம். அந்தம்மா வச்சுவிட்டது என் கையில நல்லாவே சிவந்துருச்சுங்க. ஒரு வரி வந்திருக்கு. இங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன், யாருக்கும் வேண்டாமாம். ஆனா நாளுக்கு நாள் கறுத்துக்கிட்டே போகுது. பிப்ரவரின்னு என்னமோ இருக்கு... உங்கள்ல யாருக்காவது வேணுமா? மெதுவா சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

சுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்து பேரையும் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு, போனை நடுவில் பிடித்தாள்.

"எழுத முடியாது சார், இங்க பேனா கிடையாது. உங்க சட்டம். நீங்க சத்தமா வாசிங்க, ஆறு பேரும் கேட்டுக்கிடுதோம்."